முயற்சிக்கு

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் நடுவே
கொழுந்து வெட்டும் கத்தரி செய்கிற கம்பெனி.
பதினாலு வருஷமாக ஸ்டோர் சாவி என் இடுப்பில்.
எட்டு எம்.எம். திருகாணி எத்தனை இருக்கிறதென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆலோசனைப் பெட்டி ஒன்றை வாசலில் மாட்டினார்கள்,
மஞ்சள் பெயின்ட், சின்னப் பூட்டு.
அந்த வருஷம் அதில் விழுந்தவை:
கேன்டீன் சாம்பாரைப் பற்றி மூன்று,
மேஸ்திரியைப் பற்றி, கையெழுத்தை மாற்றி எழுதிய ஒன்று,
ஒரு பஸ் டிக்கெட்.
மழை பிடித்ததும் குளவி கூடு கட்டிக்கொண்டது.

சாமான் மட்டும் குறைந்துகொண்டே வந்தது.
ரப்பர் வாஷர் ஆறு, ஸ்பிரிங் ரெண்டு.
சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன்.
திருட்டுதான், வேறென்ன.
ஸ்பிரிங்கைத் திருடி யார் என்ன செய்ய,
சாம்பாரில் போடவா?

ஒரு ராத்திரி ஷிஃப்ட். ஜன்னலுக்கு வெளியே உலகமே இல்லை,
மஞ்சு அப்படி இறங்கியிருந்தது.
பேக்கிங் யோகமலரைக்
கையும் வாஷருமாகப் பிடித்தேன்.

அவள் அழவில்லை. ஒரு கத்தரியை நீட்டினாள்.
"நூறு தடவை வெட்டுங்க சார்.
காத்தைத்தான். வெட்டுங்க."

நாற்பதில் மணிக்கட்டு பேச ஆரம்பித்தது.
எழுபதில் முழங்கை.
நூறுவரை நான் போகவில்லை.

இங்கே வருமுன் ஒன்பது வருஷம்
கொழுந்துக்குப் போனவளாம்.
"மூடும்போது இரும்புல இரும்பு இடிக்குது சார்,
நடுவுல மெத்துன்னு ஏதாவது இருந்தா..."
செருப்பு வார் வைத்திருக்கிறாள்: ரெண்டு நாளில் பிய்ந்தது.
சைக்கிள் டியூப்: சாறு பட்டு ஒட்டிக்கொண்டது.
பாட்டில் மூடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.
எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில், தேதி போட்டு,
என் பதிவேட்டைவிட ஒழுங்காக.

நான் மானேஜரிடம் போகவில்லை.
பெருந்தன்மை ஒன்றுமில்லை, அவர் லீவில் இருந்தார்.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்தேன்.
வரவு, செலவு, இருப்பு,
பக்கத்தில் நாலாவது கட்டம்: முயற்சிக்கு.
எடுத்ததைத் திருப்பித் தர வேண்டாம்.
என்ன ஆச்சு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகணும்.

முதல் வாரம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.
பொறி வைக்கிறேன் என்று நினைத்தார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

பிறகு பெயின்ட் ஷாப் ஜோகன் வந்தான்.
பனியில் பெயின்ட் காய்வதில்லை,
கம்ப்ரசர் சூட்டைத் திருப்பிவிட்டுப் பார்க்கிறேன்,
ஒரு முழம் தகரம் கொடுங்கள் என்றான்.
முப்பது கைப்பிடியும் அம்மை போட்டதுபோல் கொப்பளித்தன.
ஒரு கைப்பிடி என்ன விலை என்பது எனக்குத் தெரியும்.

"என்ன ஆச்சு?"
"கெட்டுப்போச்சுண்ணே."
எழுதினேன்: கெட்டுப்போச்சு. சூடு அதிகம். தூரம் ஒரு முழம்.
நடுங்கியது என் கைதான், அவன் கையில்லை.
மறுநாள் காலை
முதல் ஆளாக அவனே நின்றான்,
ரெண்டு முழம் தகரம் கேட்டு.

லேத் அஸ்கர்
யோகமலரின் டப்பாவைக் கொட்டி, கிளறி, ஒன்றும் பேசாமல் போய்
நைலானில் ஒரு வளையம் கடைந்து வந்தான்.
அவள் நினைத்தது அதுவல்ல.
அவன் நினைத்ததும் அதுவல்லவாம்.
கத்தரி சத்தமில்லாமல் மூடியது.

மார்ச்சில் கோயம்புத்தூரிலிருந்து ஆடிட்டர்.
ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொரு ஸ்வெட்டர், மப்ளர்.
விரல் நாலாவது கட்டத்தில் வந்து நின்றது.
"இது எந்தத் தலைப்பில் வரும்? நஷ்டமா, சேதாரமா?"
நகைக்கடையில் மட்டும் கேட்காமல் கொடுப்பீர்களே
என்பது நாக்கு நுனிவரை வந்தது.
மானேஜர் என்னைப் பார்த்தார்.
நான் பழைய கத்தரியை எடுத்து
ஆடிட்டர் கையில் வைத்தேன்.
"நூறு தடவை சார். காத்தைத்தான்."

ஐம்பத்திரண்டில் நிறுத்தினார்.
கட்டத்தின் ஓரம் பென்சிலால் ஏதோ எழுதினார்.
அந்தக் கையெழுத்து இன்றுவரை எனக்குப் புரியவில்லை,
கட்டத்தை யாரும் அடிக்கவுமில்லை.

பெட்டியில் குளவிகள் இருக்கின்றன.
உறைபனி நாளில் வளையம் விரிசல் விடுகிறதென்று
போன வாரம் ஒரு எஸ்டேட்டிலிருந்து புகார்.
கவுன்டருக்கு வெளியே
யோகமலரும் அஸ்கரும் சண்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.
தட்டுகிறார்கள்.

நைலான் இருப்பு: ஒன்றரை அடி.