வியாழன், மூன்று மணி

ஐயோவாவின் வடமேற்கு மூலையில் எங்கள் ஊர்.
ஒரு மருந்துக்கடை, நான்கு தேவாலயம்,
ஓர் உளவியலாளர். நான்தான்.

பயிற்சிக் காலத்தில் என் பேராசிரியர்
குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினார்:
"ஜெபம்: இது சிகிச்சையா, உங்கள் பதற்றமா?"
ஊர் திரும்பிய மாதம், சபை மூப்பர்
காப்பியைக் கலக்கியபடியே கேட்டார்:
"பாவம் என்ற சொல்லை அந்த அறையில்
உச்சரிப்பது உண்டா, டாக்டர் ஃபேன்ஸ்ட்ரா?"
இருவருக்கும் பதில் இல்லை.
காப்பி நன்றாக இருக்கிறது என்றேன்.

ஞாயிறுகளில் திருவிருந்துத் தட்டு
பெஞ்சு பெஞ்சாக நகரும்.
செவ்வாய் பத்து மணி அதை எனக்கு நீட்டுவார்.
நான் வாங்கி
வெள்ளி நாலரையின் மனைவியிடம் கொடுப்பேன்.
அவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.
சின்னக் கிண்ணங்களில் திராட்சை ரசம் நடுங்கும்.
என் கைதான்.

பிறகு போதகர் கேட்பார், யாருக்காக மன்றாடலாம்?
இடுப்பு அறுவைக்குக் காத்திருப்பவருக்குப் பெயர் உண்டு.
ஆலங்கட்டியில் வயலிழந்தவருக்கும் உண்டு.
என்னிடம் வருகிறவர்களுக்கு இல்லை.
கடவுளிடமாவது பெயர் சொல்லலாமா என்று
தொழில்நெறி விதிகளில் தேடியிருக்கிறேன்,
சிரிக்காதீர்கள்.
அந்த உட்பிரிவை யாரும் எழுதவில்லை.
ஆகவே நேரத்தைச் சொல்லி ஜெபித்தேன்:
ஆண்டவரே, செவ்வாய் பத்து.
ஆண்டவரே, வெள்ளி நாலரை.
ஆண்டவரே, வியாழன் மூன்று,
முக்கியமாக வியாழன் மூன்று.

அவர் அடுத்த ஊர்க்காரர். பால்மாடுகளை விற்றவர்.
விடியலில் நாலு மணிக்கு,
கழற்றி விற்ற கறவை இயந்திரம்
அவருக்கு மட்டும் ஓடும்.
"கடவுள் பேசுவதில்லை" என்றார் ஒருநாள்.
படித்த படிப்பு ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்தது,
ஞாயிறு பள்ளி ஒரு வசனத்தை.
இரண்டையும் நான் வாங்கவில்லை.
ஹீட்டர் கடகடத்தது. பதினோரு நிமிடம்.
"நீங்களும்தான்" என்று சொல்லி
முதல்முறையாகச் சிரித்தார்.

மார்ச்சில் ஒரு வியாழன் அவர் வரவில்லை.

அடக்க ஆராதனையில் கடைசி வரிசையில் இருந்தேன்.
அவர் மனைவி ஆல்ட்யே என் கையைப் பற்றி,
"உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்றாள்.
"கொஞ்சம்."
விதிப்படி அதுகூட அதிகம்.
இன்னும் தொண்டையில் நிற்கிறது.

இரண்டு மாதம் அந்த மணியை யாருக்கும் கொடுக்கவில்லை.
பிறகு ஒரு பள்ளிப் பெண்,
பேண்டு வாத்தியக் குழுவின் மேலங்கியோடு,
சட்டைக் கைகளை விரல்நுனிவரை இழுத்துவிட்டபடி.
இப்போதும் ஜெபிக்கிறேன், ஆண்டவரே, வியாழன் மூன்று.
யாரைச் சொல்கிறேன் என்று விளக்குவதில்லை.
அவரும் கேட்பதில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டு.
படியில் யாரோ
பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிறார்கள்.