முப்பதாவது கலம்

கின்சி வீதியில் மழை. கரண்ட் இருமுறை போய் வந்தது.
கண்ணாடித் தட்டில் ஃபஸ்லானின் இரத்தம்,
மூன்று நாள் வளர்த்து, பிரியும் தறுவாயில் நிறுத்தி
ஊதாச் சாயம் ஏற்றியது.

இருபத்தொன்றுகள் மூன்று.
அது எனக்குப் புதிதில்லை.
நான் எண்ணுவது வேறு:
எது எதனோடு சேர்ந்து நிற்கிறது.

குட்டைக் கை நுனியால்
ஓர் இருபத்தொன்று பதினான்கைத் தொடுகிறது.
இன்னொன்று, இருபத்திரண்டை.
மூன்றாவது ஓரத்தில்,
மருதானையில் கடைசி ரயிலை விட்டவன்போல.

கொப்பியில் கோடு கிழிக்கிறேன்.
இருபத்தொன்பது கலம் முடிந்தது.

இரத்தம் எடுத்த அன்று அவன் அழவில்லை.
வரிசையில் முன்னே நின்ற யாரோ ஒருவரின்
சாரத்து நுனியைப் பிடித்திருந்தான்.
ரிஸ்மியா வெட்கப்பட்டு இழுத்தாள்; விடவில்லை.
அந்த மனிதரும்
தன் நம்பர் கூப்பிட்டும் அசையவில்லை.

இதையும் அதையும் முடிச்சுப் போடக்கூடாது.
நிறமூர்த்தத்துக்கு மனசில்லை.
அறிக்கைக்கு ஒரு சராசரி போதும்.

முப்பதாவது.
குவியத்தைத் திருகுகிறேன்.
மூன்றும் ஒன்றாய்!
தொட்டதா, தட்டில் விழுந்தபோது
ஒன்றன்மேல் ஒன்று சரிந்ததா?
சந்தேகமென்றால் விடவேண்டும், அது விதி.

விட்டேன்.
கொப்பி ஓரத்தில்
பென்சிலால் ஒரு புள்ளி மட்டும்.