பொருள் எண் பதினேழு

பதினொரு மணிக் கூட்டம்
பதினொன்று நாற்பதுக்குத் தொடங்கியது.
தலைவர் உட்கார்ந்ததும் மின்சாரம் போனது.
ஜன்னலைத் திறந்தோம்.
அம்பாசமுத்திரத்து நெல் அவிக்கிற வாசனை உள்ளே வந்து
நடுவில் நின்றது,
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாமல்.

நான் வாசிக்கிறவன்.
"மன்றத்தின் பார்வைக்கும் முடிவிற்கும்" என்று
ஒவ்வொரு பொருளையும் முடித்துவைப்பேன்.
பத்தொன்பது வருஷமாக அதே வாக்கியம்,
தேய்ந்த படியில் கால் தானாக இறங்குவதுபோல.

பகலில் எரிந்து இரவில் உறங்கும் தெருவிளக்குகள்.
சாக்கடையைவிடச் சின்னதாக வந்துசேர்ந்த சாக்கடை மூடி.
நாய் பிடிக்கும் வண்டிக்கு டயர் நான்கு.
சேர்மத்துரை எழுந்தார்:
"ஓடாத வண்டிக்கு டயர் எதுக்குவே?"
"டயர் இல்லாமத்தான அது ஓடல" என்றார் மேலாளர்.
அங்கீகரிக்கப்பட்டது.

பதினேழு எனக்குப் பழகிய பொருள்.
பூக்கடை முக்கு ஏர் வால்வு, கசிவு,
மதிப்பீடு பதினாலாயிரத்து இருநூறு.
முதல்தடவை இதை வாசிக்கையில்
என் மகள் ஒன்பதாம் வகுப்பு.
இப்போது பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு
வீட்டில் தூங்குகிறாள்.
நிதி இல்லை என்று ஒருமுறை,
கோரம் இல்லை என்று ஒருமுறை,
தேர்தல் நடத்தை விதி என்று இருமுறை.
மண்டல அலுவலகம் போன கோப்பு
டீக்கறையோடு திரும்பியது, குறிப்பு ஏதும் இல்லாமல்.

ஆறு கூப்பிடு தூரத்தில் போகிற ஊர்.
குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான்.
அதனால் அந்த முக்கில்
யாரும் முன்மொழியாத, யாரும் வழிமொழியாத ஒன்று
நடந்துகொண்டிருந்தது.
ஆவுடைத்தாய் தகர டப்பாவை அடியில் வைத்து
பிச்சிப்பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடித்தாள்.
ஆட்டோ பீர்முகம்மது லுஹருக்கு முன்
அங்கேதான் கை கால் கழுவினார்.
டிபன் பாக்ஸ் கழுவ வந்த பிள்ளைகள் சண்டை போட்டார்கள்.
ஒரு பப்பாளி, தானாக,
சிமெண்டுக்கும் குழாய்க்கும் நடுவே முளைத்து
என் தோள் உயரம் வந்துவிட்டது.

அன்றைக்கு ஏனோ யாரும் எதிர்க்கவில்லை.
பசி நேரம்.
மறுநாள் பிட்டர் செல்லையா போனார்.
ஒரு வாஷர், இரண்டு போல்ட், கொஞ்சம் சணல்.
நாற்பது நிமிஷம்.
மிச்சப் பணத்தை அளவுப் புத்தகம் சொல்லும்,
கேட்டால்.

திங்கள்கிழமை மனு நாள்.
வரிசையில் ஆவுடைத்தாய்.
ஜெராக்ஸ் கடைப் பையன் எழுதிக்கொடுத்த தாள்:
'மேற்படி வால்வில் கடந்த பதினாலு மாதமாக
நல்லமுறையில் ஒழுகிவந்த தண்ணீர்
தற்சமயம் நின்றுவிட்டபடியால்
ஐயா அவர்கள் ஆவன செய்யுமாறு.'

பதிவேட்டைத் திறந்தேன்.
கசிவு என்று பத்தி இருக்கிறது.
உடைப்பு இருக்கிறது. கலங்கல் இருக்கிறது.
கசியாமை இல்லை.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்து
'பொதுக்குழாய் அமைக்கக் கோருதல்' என்று எழுதினேன்.
"எப்ப வரும் சார்?"
அடுத்த கூட்டத்துக்கு வைக்கிறேன் என்றேன்.
என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள்.
"உங்க மேல தப்பு சொல்லலை" என்றாள்,
நான் கேட்காமலே.

போகிற வழியில் செல்லையாவிடம் ஏதோ பேசினாள்.
அவர் தலையைச் சொறிந்தார்.
நான் ஃபைலைப் புரட்டினேன்,
புரட்ட ஒன்றுமில்லாத ஃபைல்.

வியாழன் காலை அந்த வழியே சைக்கிளில் வந்தேன்.
பப்பாளி அடியில் மண் கறுத்திருந்தது.
டப்பாவில் சொட்டு விழும் சத்தம்,
விட்டு விட்டு,
கணக்கு சொல்கிற மாதிரி.
ஒரு போல்ட் புதுசாகப் பளபளத்தது.
இன்னொன்று இருக்கவேண்டிய இடத்தை
பிச்சிப்பூ நாரால் சுற்றியிருந்தார்கள்.

பொதுக்குழாய்க்கு மதிப்பீடு முப்பத்தொன்றாயிரம்.
வரிசையில் இருபத்திமூன்றாவது.

மேற்படி கசிவு
என் பார்வைக்கு வந்தது.
முடிவுக்கு வைக்கவில்லை.