எல்.சி.

சட்டைப் பொத்தானில் கை வைத்தால் கேட்கிறார்:
"எல்.சி. வாங்கியாச்சா?"
வாங்கியாச்சு என்றால்தான்
குளிக்க எழுந்திருப்பார் அடைக்கலம்.
முப்பத்தொரு வருஷம் கம்பம் ஏறி
லைன் இன்ஸ்பெக்டராக இறங்கியவர்.
புதுவயல் ஃபீடர், பள்ளத்தூர் ஃபீடர்,
எங்கெங்கே கட்டை, எது எதில் கிளை,
பிசகாமல் வரும்.
சாப்பிட்டாரா இல்லையா என்பதுதான் வராது.

"கரண்டு செஞ்ச வேலை" என்றது தெரு.
நானும் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.
பழி போட ஒரு டவர் இருந்தால்
ராத்திரி கொஞ்சம் தூங்கலாம்.

ஐப்பசி மழை விட்ட நாளில்
ஆய்வு என்று வந்தாள் பெனாசிர்,
கையில் சோப்புப்பெட்டி அளவு மீட்டர்.
எத்தனை வருஷம், எவ்வளவு தூரம்,
தலைமாட்டில் என்ன இருக்கும்.
கண்மாய்க்கரையில்
உயரழுத்தக் கம்பிக்குக் கீழே நின்றோம்.
மேலே ஈரத்தில் கம்பி முரண்டது.
எண் இரண்டைத் தாண்டவில்லை.
"இவ்வளவுதானா?" என்றேன்,
எடை குறைந்த சாமானைத்
தூக்கிப் பார்க்கிறவள் மாதிரி.

வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டாள்.
மீட்டரை என் தையல் மிஷின் மேல் வைத்தாள்.
ஒரு பட்டி பாக்கி இருந்தது,
பெடலை மிதித்தேன்.

பதினெட்டு.
இருபத்து மூன்று.

செம்பைக் கீழே வைத்துவிட்டு
என் முழங்காலருகே பிடித்தாள், வயிற்றருகே,
பிறகு குனிந்த என் நெற்றியருகே.
"ஒரு முழம் தள்ளினா ஒண்ணுமில்லக்கா."
ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து
யார் ஊக்கு வைத்துத் தைப்பது?

"சிலர் தொடர்பு இருக்கலாம்ங்கிறாங்க,
சிலர் இல்லங்கிறாங்க.
இதுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியல."
சொல்லிக்கொண்டே
இன்னொரு தாளை எடுத்தாள்.

பெயர்? வள்ளிக்கண்ணு.
எத்தனை வருஷம்? இருபத்தாறு.
ஒரு நாளைக்கு? தீபாவளி மாசமா, சும்மா மாசமா?
மறதி ஏதும்?

போன மாதம்
கோட்டையூர்க்காரி ரவிக்கைக்கு
இரண்டும் இடது கையாக வைத்துவிட்டேன்.
ராவோடு ராவாகப் பிரித்தேன்.
பட்டில் ஊசித்துளை மட்டும் மூடவில்லை,
இஸ்திரி போட்டும்.

"இல்லை" என்றேன்.
கட்டத்துக்குள் ஒரு டிக்.

அவள் ஸ்கூட்டர் சத்தம் முக்குத் திரும்பியதும்
உள்ளேயிருந்து அவர்,
"லைன் ஆஃபா?"

"ஆஃப்" என்றேன்
பெடலிலிருந்து
காலை எடுக்காமல்.