ஏற்கப்படும்; எதுவும் செய்யாது

சஸ்கட்டூனில் மைனஸ் முப்பத்தொன்று.
காரின் மூக்கிலிருந்து தொங்கும் வயர்
சுவரில் சரியாகச் செருகியிருக்கிறதா என்று
இரண்டு தரம் பார்த்துவிட்டு மாடியேறினேன்.

டீபக்கர் பதினான்காம் பதிப்புக்கு வந்துவிட்டது.
கையேடு இன்னும் பதினொன்றில் நிற்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டுமாம்.

ஒற்றைக் கோடு, க்யூ:
வரவேற்புரை வேண்டாம், நேரே வேலைக்கு வா.
ஒற்றைக் கோடு, பி, பிறகு ஓர் எண்:
ஓடிக்கொண்டிருப்பதன் தோளைத் தொட்டு நிறுத்து.
இரட்டைக் கோடு, ஆர்க்ஸ்:
இதற்குப் பின் வருவதெல்லாம் எனக்கல்ல, அவனுக்கு.

ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எழுதினேன்.
எம் மட்டும்
தட்டினாலும் ஒன்றுமில்லை, தட்டாவிட்டாலும் ஒன்றுமில்லை.
ஒரு பிழைச்செய்திகூட இல்லை.
மூலநிரலைத் திறந்தால், வாங்கிக்கொள்கிறது, அவ்வளவே.
எங்கோ ஒரு பழைய ஸ்கிரிப்ட் கூப்பிட்டால்
'உள்ளேன் ஐயா' சொல்வதற்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.
'ஏற்கப்படும்; எதுவும் செய்யாது'
என்றெழுதிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

பிறகு மொழிப்பட்டியல்.
ரஸ்ட்டைச் சேர். கோவைச் சேர், ஊரல்ல, மொழிதான்.
ஃபோர்ட்ரானை யாராலும் அசைக்க முடியாது.
மாடுலா-2 ஐ எடு.
எடுத்தேன்,
அதன் முன்னால் இருந்த காற்புள்ளியோடு.
ஆங்கிலத்தில் அது ஒரு வரி குறைவு.
தமிழில் நினைத்துப் பார்த்தபோதுதான்
ஆதரவற்ற மொழி என்று வந்து நின்றது.

மறுநாள் ஒரு மின்னஞ்சல். லோர்ன் பெட்ரிஷின்,
ராஸ்தர்ன் பக்கத்துத் தானியக் களஞ்சியம்.
லாரிகளை எடைபோடுவது அந்த மொழியில்தானாம்.
இந்த அறுவடைக்கு இரட்டை டிரெய்லர் வாங்கியிருக்கிறார்கள்.
நாற்பதாயிரம் கிலோ கனோலா ஏறி நின்றதும்
திரையில் மைனஸ் இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம்.
'விவசாயி எனக்குக் கடன்பட்டுவிட்டான்.
பிடித்துக் கொடுத்தது உங்கள் டீபக்கர்.
நீங்கள் எடுத்தது கருவியிலிருந்தா, தாளிலிருந்தா?'

தட்டிப் பார்த்தேன்.
வரி எண் சொல்கிறது, மாறியின் பெயர் சொல்கிறது,
நிறுத்து என்ற இடத்தில் நிற்கிறது.
தாளிலிருந்து மட்டும்தான்.

திரும்பப் போட்டேன், காற்புள்ளியையும்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'இன்னும் ஓடுகிறது' என்றேன்.

வெள்ளி மாலை நாலே முக்கால், வெளியே இருட்டு.
ஹைடி ஒப்புதல் தந்தாள். கூடவே ஒரு கேள்வி:
ஒன்றும் செய்யாத அந்த எம்முக்கு
முழுசாய் ஒரு வரி எதற்கு?

ஒன்றும் செய்யாது என்று
யாராவது எழுதிவைக்க வேண்டாமா, ஹைடி.
நான் அரைமணி நேரம் தட்டினேன்.