சேதாரம்

காட்பாடியிலிருந்து வந்த பஸ்
பாலாற்றுப் பாலத்தில் ஊர்ந்தபோது கீழே பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் மணல்,
அதன் ஒரு ஓரத்தில் நூல் மாதிரி தண்ணீர்.
எவ்வளவு பருமனுக்கு எவ்வளவு மெலிவு என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

சத்துவாச்சாரி மாடி அறை.
விசிறி சுற்றச் சுற்ற வெந்நீராய்க் காற்று.
பதினோரு மாதம் வரைந்தேன்.
நெடுக்கே இறங்கும் கோடு தூண்,
குறுக்கே ஓடும் கோடு மயிரிழை.
'ழ'வின் வாலுக்கு மட்டும் நாற்பத்திரண்டு முறை.
'கு'வின் வளைவை எந்த இடத்தில் மெலியவிடுவது என்பதில்
ஒரு தீபாவளி போயிற்று.
மெய்யின் புள்ளியை வளையமாக்கினேன்,
அழகுக்காக.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற நாத்தனார் பிரமிளா
திரையை எட்டிப் பார்த்தாள்.
"இங்கிலீஷ் எழுத்து ஷூ போட்டுக்கினு நிக்கும், சரி.
நம்ம எழுத்து வெறுங்காலு.
இதுக்கு எதுக்கு ஹீல்ஸ்?"
அன்றிரவு எல்லாக் காலடியிலும் இருந்த
குறுமுனைகளைக் கழற்றினேன்.
காலையில் திரும்ப மாட்டினேன்.

பாலாறு என்று பெயர் வைத்தேன்.
"வறண்ட பேரு, வியாபாரத்துக்கு ஆகாது" என்றார் தேவராஜுலு.
ஆனால் வாங்கினார்.
லாங் பஜாரில் அவர் நகைக்கடை முகப்பில்
ஆளுயரத்துக்கு அவர் மகள் பெயர்;
மயிரிழையே அங்கே இரண்டு விரல் அகலம்.
விளக்குப் போட்டதும் எதிர்ப்புறம் நின்று
இரண்டு டம்ளர் கரும்புச்சாறு குடித்தேன்,
தாகம் இல்லாமல்.

அதையே பில்லுக்கும் போட்டார்,
என்னைக் கேட்காமல்.
பின்பக்கம் நிபந்தனைகள்,
கடுகளவில், சாம்பல் மசியில், மலிவுத் தாளில்.

பேரணாம்பட்டு ரஹமத்துன்னிசா
கம்மலைத் திருப்பித் தர வந்தார்.
கடைப்பையன் பில்லைப் புரட்டிக் காட்டினான்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார்,
வெளிச்சம் தேடி வாசல்வரை போனார்.
"இன்னாப்பா, எழுத்தெங்க கீது?
வரிசையா கம்பி நட்டு வெச்சிக்கீறீங்க,
வேலிகூட கட்டல."

ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன்.
'ட'வுக்குத் தரை இல்லை, ஒற்றைக் கம்பம்.
'ப' இரண்டு கம்பம், நடுவே ஒன்றுமில்லை.
என் வளையங்களைத் தாள் குடித்துவிட்டது;
மெய்யெழுத்தெல்லாம் உயிர் வந்து
உட்கார்ந்திருந்தன.
சேதாரம் என்ற சொல்லில்
பாதிக்கு மேல் சேதாரம்.

"படிக்கவே வராத கண்டிசனுக்கு
நான் எப்படிப்பா கட்டுப்படறது?"
தேவராஜுலு என்னைப் பார்த்தார்.
நான் கூரை விளக்கைப் பார்த்தேன்.
உள்ளே எனக்குச் சிரிப்பு, பயம்,
எது முதலில் என்று தெரியவில்லை.
ஐந்நூறு நோட்டுகளாகப் பணம் வந்தது.
அவர் ஒரு தரம் எண்ணினார்,
நம்பாமல் இன்னொரு தரம்.

அப்புறம் ஆறு வாரம்,
பொடி அளவுக்கென்று தனியாக வரைந்தேன்.
மயிரிழைக்குச் சதை போட்டேன்.
வளையத்தைக் கறுப்பால் அடைத்தேன்.
எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே
மூச்சுவிட இடம் விட்டேன்.
ஒயில் கொஞ்சம் போயிற்று;
யாரும் கேட்கவில்லை.

ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம்
பாக்கி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.
குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தி,
இடுப்பில் குழந்தை, கையில் ஒற்றை வளையல்,
பில்லைத் திருப்பினாள்.
வெளிச்சம் தேடிப் போகவில்லை.
நின்ற இடத்திலேயே, வாய்விட்டு,
ஒரு எழுத்தும் பிசகாமல் வாசித்தாள்:
திரும்பப் பெற மாட்டோம்.

வளையலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.
படி இறங்கும்வரை
குழந்தை என்னையே பார்த்தது.
கவுன்டரில் கிடந்த தாளில்
என் 'ட' இரண்டும்
தரையில் நன்றாக நின்றிருந்தன.