ரசீது

நாற்பத்தைந்து மார்ச். பெட்ரோல் இல்லை.
ஓல்டன்பர்க் ஓடுபாதை வரை போர்விமானத்தை இழுக்க
பண்ணையிலிருந்து இரண்டு பசுக்கள்.
டோல்கே அம்மாள் ரசீது கேட்டாள்.

எழுத்தர் வீஸ்னர் பேனாவைக் கடித்தார்.
படைப்பிரிவுப் பதிவேட்டில்
வீழ்த்தியவற்றுக்கு ஒரு பத்தி,
திரும்பாதவர்களுக்கு ஒரு பத்தி.
மாட்டுக்கு ஏது?

"எஞ்சின் சத்தத்தில் மடி சுரக்கமாட்டேன் என்கிறது, ஐயா."

மெக்கானிக் எப்படியோ கறந்தான், அரைக் குவளை.
பத்தொன்பது வயது லூட்கர் குடித்தான்.
மேலுதட்டு நுரையைத் துடைக்காமலே
ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டான்.
வால் சுக்கானில் பதினோரு வெள்ளைக் கோடுகள்,
எல்லாம் முன்பு ஓட்டியவன் கணக்கு.

மாலையில் பசுக்கள்
நுகத்தோடு நின்றுகொண்டிருந்தன,
இழுத்துவர எதுவுமின்றி.

வீஸ்னர் எழுதினார்: வானிலை தெளிவு.
பிறகு ரசீது:
மாடு இரண்டு.
வேலை முடிந்ததும் திருப்பித் தரப்படும்.